தங்கச்சிட வீட்டுத் தண்ணி உப்பா

"எங்கட கிணத்துத் தண்ணி உப்பா எண்டு கூகிள்ல தேடினது ஆரு ராத்தா? அதை மட்டும் சொல்லுங்க."

"நான் எதுக்குத் தேடோணும்? தேடாமலே எனக்குத் தெரியும். உப்புத்தான்."

"அப்ப இது? 'தங்கச்சிட கெஸ்ட் ஹவுஸ் ஏசி சத்தம் போடுமா'. இதைத் தேடினது ஆரு?"

"கல்பிட்டியில எத்தனை பேருக்குத் தங்கச்சி இரிக்கி. எல்லாருக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?"

"கெஸ்ட் ஹவுஸ் வச்சிரிக்கிற தங்கச்சி எத்தனை பேருக்கு இரிக்கி?"

போன வருஷம் ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி. நெஞ்சளவு மதிலுக்கு இந்தப் பக்கம் மூத்தவள் றைஸா, அந்தப் பக்கம் இளையவள் நஸ்ஹா. நஸ்ஹாவுக்குப் பக்கத்தில் அவள் புருஷனின் தங்கை ஜுமானா, கையிலே போனை வைத்துக்கொண்டு கோர்ட்டில் பேர் வாசிக்கிறவளைப் போல நின்றாள். நான் எதிர்வீடு. தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். அந்தச் சத்தத்தில் மனுஷருக்கு ஒன்றும் கேட்பதில்லை.

இவர்களுடைய வாப்பா முத்தலிபு ஹாஜியார் நியாயமான மனிதர். றைஸாவுக்குச் சீதனமாகத் தென்னங்காணியின் பாதியில் மூன்று அறை வைத்து ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். ஆறு வருஷம் கழித்து நஸ்ஹாவுக்கு மற்றப் பாதியில் அதே மேசன் பாஸைக் கூப்பிட்டு, அதே அளவில், அதே மூன்று அறையுடன் இன்னொன்று கட்டினார். இரண்டும் ஒன்று போலிருந்தால் பெண்பிள்ளைகளுக்குள் பொறாமை வராது என்பது அவர் கணக்கு. ஒன்று போலிருக்கும் இரண்டு வீடுகளில் ஒரு ஜன்னல் கொக்கி வித்தியாசப்பட்டாலும் கண்ணில் குத்தும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மௌத்தாகிப் போய்விட்டார், பாவம், பிறகு நடந்ததைப் பார்க்கவில்லை.

கைட் என்ற பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்புத் தண்ணீரில் பலகை ஓட வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியதும் றைஸா முதலில் 'லகூன் பேர்ல்' என்று போர்ட் மாட்டினாள். அடுத்த வருஷமே நஸ்ஹா 'சால்ட் அண்ட் விண்ட்' என்று மாட்டினாள். "வீட்டுக்கு ஆராவது உப்பு எண்டு பேர் வைப்பாங்களா" என்று றைஸா எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனாள். நான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தேன்.

உள்ளதைச் சொன்னால், றைஸாவுக்கு எரிந்தது போர்ட்டைப் பார்த்து இல்லை. நஸ்ஹாவின் புருஷன் றஸீன் டொல்பின் பார்க்கிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு விடிய போவான், பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். பெரிய அழகனோ கெட்டிக்காரனோ இல்லை. சாரத்தைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரித் தொண்டையைச் செருமிப் பல் துலக்குவான். அந்த நேரம் றைஸா அந்தப் பக்கம் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பவுண் நகையைக்கூட ஒரு பெண் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவள் புருஷன் ஜவாஹிர் பதினொரு வருஷமாக டோஹாவில். பத்து வயது மகள் ஷிஹாரா வாப்பாவைப் போனில் பார்த்தே வளர்ந்த பிள்ளை.

அந்த ஜவாஹிர் ஜனவரியில் வந்து இறங்கினார். றைஸாதான் அழுது வரவைத்தாள். கெஸ்ட் ஹவுஸே போதும், இனிப் போக வேண்டாம் என்று. அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "கைட் சீசன் ஒண்டு பார்ப்பம். மூணு ரூமும் நிரம்பினா நிக்கிறன். இல்லாட்டி கம்பனி கூப்பிட்டா ஏறத்தான் வேணும்." கைட் சீசன் என்றால் மே முதல் செப்டம்பர் வரை, காற்று நிற்காமல் அடிக்கிற மாதங்கள். அதற்குள் அறைகள் நிரம்ப வேண்டும். றைஸாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெப்ரவரியில் றிப்னாஸைக் கூப்பிட்டாள். மாம்புரிப் பையன், புத்தளத்தில் கம்ப்யூட்டர் படித்தவன், சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வருவான். இரண்டு வீட்டு வெப்சைட்டும் அவன் வேலைதான். ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே டொக்டர் வருவதில்லையா, அதுபோல.

"ராத்தா, வேலை லேசு" என்றான். "ஆக்கள் கூகிள்ல என்ன சொல்லுப் போட்டுத் தேடுவாங்களோ, அந்தச் சொல்லு எங்கட வெப்சைட் பக்கத்துல இரிக்கோணும். அப்பதான் எங்களைக் காட்டும். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன்."

றைஸா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எழுதுங்க தம்பி. கல்பிட்டியின் முதல்தரமான விடுதி. கௌரவமான குடும்பத்தினர் நடத்துவது. அழகு, சுத்தம், அமைதி. ராஜ உபசாரம்."

"இது கலியாணப் புரோக்கர் பொண்ணுக்குச் சொல்ற மாதிரி இரிக்கி, ராத்தா."

"அதுல என்ன குறை? பொண்ணு பார்க்க வாறவங்களும் ரூம் பார்க்க வாறவங்களும் ஒண்டுதான். நல்லதைத்தான் சொல்லோணும்."

"கௌரவமான குடும்பம் எண்டு எந்த வெள்ளைக்காரன் தேடுவான்?"

"தேடத் தெரிஞ்சவன் தேடுவான். நீங்க எழுதுங்க."

எழுதினான். தேத்தண்ணி வந்தது. அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "மத்தப் பக்கத்துக்கு என்ன சொல்லுப் போட்டிரிக்கீங்க?" என்று குரலை இறக்கிக் கேட்டாள்.

"அது அவங்கட விசயம், ராத்தா" என்று சொல்லிவிட்டு அவன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மற்றப் பக்கத்துக்குப் போனான். தள்ளிக்கொண்டு போகிற தூரம்தான்.

நஸ்ஹாவிடம் சொல்லுவதற்குச் சொல்லே இல்லை. "எனக்கு இதெல்லாம் விளங்காது தம்பி. ஆக்கள் என்ன கேக்கிறாங்களோ, அதுக்கு உள்ளபடி பதில் போடுங்க" என்றாள். றிப்னாஸுக்கு அது வசதி. வெப்சைட்டுக்கு மாதம் ஒருமுறை ஒரு பட்டியல் வருமாம். எந்த எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு இந்தப் பக்கம் காட்டப்பட்டது என்று அதில் வரிசையாக இருக்கும். மார்ச் மாதப் பட்டியலில் நஸ்ஹாவின் பக்கத்துக்கு வெள்ளைக்காரர் சொல் ஏழெட்டுத்தான். ஆனால் தமிழில் நிறைய. தங்கச்சிட கெஸ்ட் ஹவுஸ் கல்பிட்டி கிணத்துத் தண்ணி உப்பா. தங்கச்சிட கெஸ்ட் ஹவுஸ் வெந்நீர் வருமா. தங்கச்சிட கெஸ்ட் ஹவுஸ்ல இருந்து களப்புக்கு எவ்வளவு நடக்கணும்.

ஆண்பிள்ளைகளுக்குச் சில விஷயம் லேசில் ஓடாது. யார் இந்தத் தங்கச்சி, யார் இந்தக் கேள்வி கேட்கிறவர் என்று அவன் யோசிக்கவில்லை. நல்ல கேள்விகள் என்று மட்டும் பார்த்தான். ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் திருப்பி, நஸ்ஹாவிடம் கேட்டுக் கீழே பதில் எழுதினான். கிணற்றுத் தண்ணீர் குளிக்கச் சரி, கொஞ்சம் உப்பு; குடிக்கத் தண்ணீர் கேனில் வாங்கி வைப்போம். நடு அறை ஏசி பழசு, சத்தம் போடும். நித்திரை லேசானவர்கள் ஓர அறையைக் கேளுங்கள். களப்புக்கு நடந்து ஆறு நிமிஷம், கைட்டைத் தூக்கிக்கொண்டு என்றால் பத்து.

யாரென்று எனக்கு மட்டும் அப்போதே தெரியும். றைஸாவுக்குப் போனில் எழுத்து எழுத்தாகக் குத்தப் பொறுமை கிடையாது. விடிய உடுப்புக் காயப்போடும்போது போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, மைக்கை அமத்திக் கதைப்பாள். வீட்டில் கதைப்பது போலவே கதைப்பாள். தங்கச்சியைத் தங்கச்சி என்றுதான் சொல்வாள். களப்புக்கு எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாதா? பிறந்த நாள் முதல் நடக்கிற பாதை. அவள் விடை தேடவில்லை. எங்கேயாவது, யாராவது, ஒரே ஒரு வெள்ளைக்காரனாவது அந்த வீட்டைப் பற்றி ஒரு குறை எழுதி வைத்திருக்க மாட்டானா என்று தேடினாள். ஒவ்வொரு விடியலிலும் அந்தக் குறையைத் தேடிப் போனாள், கிடைக்காமல் திரும்பி வந்தாள்.

மே பிறந்தது, காற்று எழும்பியது. நஸ்ஹா வீட்டுக் கொடியில் ஒன்பது துவாய் பறந்தது. றைஸா வீட்டுக் கொடியில் மூன்று, மூன்றும் அவர்களுடையது. றைஸா துவாயை வைத்துத்தான் ஆள் எண்ணுவாள். "பெரிய துவாய் ரெண்டு புதுசு. ஜோடி ஒண்டு வந்திரிக்கி" என்று என்னிடம் சொல்லும்போது அவள் வாய் கசப்பு மருந்து குடித்தது போல இருக்கும்.

"ஆனா கூகிள்ல நான்தான் முதலாவது" என்றாள். "இஞ்ச பாருங்க." காட்டினாள். கல்பிட்டி கெஸ்ட் ஹவுஸ் என்று சொன்னதும் அவள் போனில் உச்சியில் லகூன் பேர்ல்தான் வந்தது.

ஜவாஹிர் அதே சொல்லைத் தன் போனில் தேடிப் பார்த்தார். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஐந்தாவதில், யாரோ விற்கிற படகு எஞ்சின் விளம்பரத்துக்குக் கீழே கிடந்தது. "உங்கட போன் பழசு" என்றாள் றைஸா. அடுத்த சனிக்கிழமை றிப்னாஸ்தான் உண்மையைச் சொன்னான்.

"ராத்தா, நீங்க ஒரு நாளைக்கு இருவது தரம் உங்கட பக்கத்தையே தொறந்து பார்த்தா, உங்கட போன் உங்களுக்கு அதைத்தான் முதல்ல காட்டும். உங்களுக்கு அது விருப்பம் எண்டு அதுக்குத் தெரியும்."

றைஸா போனைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப எல்லார்ட போனுக்கும் அதைத் தெரியப்படுத்த ஏலாதா?" என்று கேட்டாள்.

ஜூன் கடைசியில் டோஹாக் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. ஜவாஹிர் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். றைஸா ஒரு நாளைக்கு இரண்டு தரம் அலுமாரியைத் திறந்து கடிதம் இருக்கிறதா என்று பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் றஸீன் பல் துலக்கிக்கொண்டுதான் இருந்தான்.

இப்படி இருக்கையில்தான் ஜூலைப் பட்டியல். நஸ்ஹாவின் பக்கத்துக்கு வருகிற மெசேஜ்களுக்கு ஜுமானாதான் பதில் எழுதுவாள். ஆகவே றிப்னாஸ் பட்டியலை ஜுமானாவின் போனுக்கு அனுப்பினான். பட்டியல் மட்டும்தான் அனுப்பினானா என்று என்னைக் கேட்கவேண்டாம். ஜுமானா பெண்பிள்ளை, தமிழ் வரிகளை ஒருதரம் வாசித்தாள், இரண்டாம் தரம் வாயைத் திறந்து வாசித்தாள், மூன்றாம் தரம் நஸ்ஹாவைக் கூப்பிட்டு அவளுக்கு முன்னால் வாசித்தாள். வரிகளுக்குள் இருந்து றைஸாவின் குரல் அப்படியே எழும்பி வந்தது.

அதுதான் மதிலடிச் சண்டை. விட்ட இடத்துக்கு வருகிறேன்.

"ஒண்டு ரெண்டில்ல, மச்சி, நூத்துக்கு மேல இரிக்கி" என்று ஜுமானா போனைத் தள்ளித் தள்ளி வாசித்தாள். "தங்கச்சிட கெஸ்ட் ஹவுஸ் நுளம்பு கடிக்குமா. தங்கச்சிட கெஸ்ட் ஹவுஸ் பாத்ரூம் படம். தங்கச்சிட கெஸ்ட் ஹவுஸ் பர்மிட் இரிக்கா."

"பர்மிட் இரிக்கா எண்டா கேட்டீங்க?" என்றாள் நஸ்ஹா. "நீங்கதானே ராத்தா கச்சேரி ஒபீசுக்கு என்னோட வந்து கையெழுத்துப் போட்டீங்க."

"புள்ள, அந்தப் போனை மூடு" என்றாள் றைஸா ஜுமானாவிடம்.

ஜுமானா மூடவில்லை. "தங்கச்சிட கெஸ்ட் ஹவுஸ் றஸீன் எந்த நேரமும் வீட்டுலதானா" என்று வாசித்துவிட்டாள். வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. குரல் இறங்கி, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

றிப்னாஸ் அன்றைக்கு வேலைக்கு வந்தவன், மோட்டார் சைக்கிளை நிறுத்தவும் முடியாமல் கொண்டுபோகவும் முடியாமல் ரோட்டில் நின்றான். றைஸாவின் வீட்டு வாசற்படியில் ஜவாஹிர் நின்றார். எப்போது வந்தார் என்று நானே கவனிக்கவில்லை, நானே.

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் நடந்து வந்து மதிலுக்கு மேலாகக் கையை நீட்டினார். ஜுமானா போனைக் கொடுத்தாள். நிதானமாக மேலிருந்து கீழே வாசித்தார்.

"நஸ்ஹாட பக்கத்துல போட்டிரிக்கிற கேள்வியெல்லாம் இதுதானே, தம்பி?"

"ஓம் ஜவாஹிர் நானா" என்றான் றிப்னாஸ். "இதாலதான் அவங்கட பக்கம் மேல போனது. வெள்ளைக்காரனும் ரூம் எடுக்க முந்தி இதைத்தான் தேடுறான். தண்ணி உப்பா, ஏசி சத்தமா, எவ்வளவு நடக்கணும்."

ஜவாஹிர் சிரித்தே விட்டார். "அப்ப என்ட பொஞ்சாதிதான் எழுதிக் குடுத்திரிக்கா." பிறகு றைஸாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நல்லாக் கேட்டிரிக்காய். இதையே எங்கட வீட்டுக்கும் கேளு, றைஸா. தம்பி பதில் போடட்டும். இன்னும் ரெண்டு மாசக் காத்து இரிக்கி."

றைஸா திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள், வாசல், ஜன்னல், தகரக் கூரைச் சார்ப்பு எல்லாவற்றையும். கேள்வி ஒன்றும் வரவில்லை. "எங்கட வீட்டுல கேக்கிறதுக்கு என்ன குறை இரிக்கி?" என்றாள். அது பெருமைக்குச் சொன்ன சொல் இல்லை. அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நான் சொல்றன் மச்சான்" என்றாள் நஸ்ஹா.

மூச்சு விடாமல் சொன்னாள். "முன் ரூம் கட்டில் திரும்பிப் படுத்தாக் கிறீச்செண்டும். ரோட்டுப் பக்கம் எண்டதால விடியச் சுபஹுத் தொழுகையோட மீன் லொறிச் சத்தம். பின் பாத்ரூம் கதவு மழைக்கு ஊதிப்போனா இழுத்துத்தான் சாத்தணும். ஆனா முத்தத்துல மதியம் தாண்டியும் நிழல், எங்கட பக்கம் கல்லு மாதிரிச் சுடும். கைட் விரிச்சுக் காயப்போட அந்த நிழல்ல எடம் இரிக்கி, எங்களுக்கு இல்ல. நடு ரூமுக்கு ரெண்டு பக்கமும் ஜன்னல், ஏசியே தேவையில்ல. வாப்பா ராத்தாட ஜன்னலுக்குத்தான் நல்ல முதிரை மரம் போட்டார், எங்கடது மாமரப் பலகை. கிணத்துத் தண்ணியும் அந்தப் பக்கம் நல்லம்."

கல்யாணம் கட்டி வந்த நாள் முதல் பார்த்துப் பார்த்து மனதில் அடுக்கி வைத்திராத ஒருத்தியால் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. இத்தனை வருஷமும் நான் ஒரு கண்ணைத்தான் காவல் காத்திருக்கிறேன்; மற்றக் கண் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. றிப்னாஸ் ரோட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் போனில் குத்திக்கொண்டிருந்தான்.

"அதை அழிங்க தம்பி" என்றாள் றைஸா. "அவட வாயில வந்த சொல்லால என்ட வீட்டுக்கு ஒருத்தரும் வர வேணாம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஜவாஹிர் றிப்னாஸைப் பார்த்துத் தலையை ஆட்டினார், போடு என்று. அவன் போட்டான்.

பத்து நாளில் மெசேஜ் வரத் தொடங்கியது. நிழலில் கைட் காயப்போடலாமா என்று கேட்டு ஒரு ஜேர்மன் ஜோடி. இரண்டு பக்க ஜன்னல் அறை இருக்கிறதா என்று கேட்டு மூன்று போலந்துப் பெண்கள், மூன்று வாரத்துக்கு. இதெல்லாம் றிப்னாஸ் ஜுமானாவிடம் சொல்லி, ஜுமானா சட்டை அளவு கொடுக்க வந்தபோது என்னிடம் சொன்னது. வருகிற மெசேஜ் வெப்சைட்டில் அவன் கண்ணிலும் படும், ஆனால் பதில் போவது றைஸாவின் போனிலிருந்துதான். ஒவ்வொன்றுக்கும் அவள் மரியாதையாகப் பதில் அனுப்பினாள்: மன்னிக்கவும், அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன.

நிரம்பிய அறைகளில் மெத்தைகள் சுருட்டியபடி கிடந்தன.

ஜவாஹிருக்கு ஆகஸ்ட் கடைசியில்தான் தெரியவந்தது. போலந்துப் பெண்கள் நஸ்ஹாவின் வீட்டில் வந்து தங்கி, பக்கத்து வீட்டில் இடம் இல்லையென்று பதில் வந்தது, ஆனால் நிழல் நல்ல நிழல் என்று றஸீனிடம் சொல்லியிருக்கிறார்கள். றஸீனுக்கு வாயில் ஒன்றும் நிற்காது.

அன்று பின்னேரம் றைஸா வீட்டு அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது.

"ஆக்களுக்கு ரூம் இல்லையெண்டு ஏன் சொன்னாய்?"

"அவங்க எனக்கு வந்தவங்க இல்ல. நஸ்ஹாட சொல்லுக்கு வந்தவங்க."

"நான் நிக்கோணும் எண்டுதானே நீ கூப்பிட்டாய்?"

"ஓம்" என்றாள் றைஸா. "அவ தந்து நீங்க நிக்கிறதா?"

அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

செப்டம்பர் இருபத்தாறாம் திகதி அவர் டோஹாவுக்கு விமானம் ஏறினார். வேனில் பெட்டி ஏற்றியது றஸீன்தான். றைஸா வாசலில் நின்றாள், நஸ்ஹா மதிலடியில் நின்றாள், நடுவில் ஷிஹாரா அழுதாள்.

டிசம்பரில் ஜுமானாவுக்கும் றிப்னாஸுக்கும் நிக்காஹ். மாதப் பட்டியலில் தொடங்கிய காரியம் அப்படி முடிந்தது. இப்போது அவர்கள் சிலாபத்தில் ஸ்டேஷன் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்; அவன் அங்கே ஹோட்டல்காரர்களுக்குச் சொல் பொறுக்கிக் கொடுக்கிறான், அவள் கேள்வி சொல்கிறாள் என்று கேள்வி. கலியாணத்துக்கு றைஸா வந்தாள், முன்வரிசைக் கதிரையில் இருந்தாள், பிரியாணி உப்புக் கூட என்றாள்.

இந்த மார்ச்சில் ஜவாஹிருக்குக் குடும்ப விசா கிடைத்து, றைஸா மகளோடு டோஹாவுக்குப் போய்விட்டாள். வீட்டைக் கிளைட்டன் என்ற நீர்கொழும்புக் கைட் மாஸ்டருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். மூன்று அறையிலும் அவனுடைய ஆட்கள்தான், முற்றம் முழுக்கக் கைட். நஸ்ஹா நேற்று இடியப்பம் கொண்டுவந்து தந்தாள். எதிரே றைஸாவின் வீட்டைப் பார்த்துக்கொண்டே, "ராத்தாக்கு அங்க எட்டாம் மாடியாம், லிஃப்ட் வச்ச வீடாம், எந்த நேரமும் ஏசியாம்" என்றாள்.